முதுகை விழுங்கிய சைக்கிள்

மில்லாரா ஊரில் அன்றைக்குச் சைக்கிள்களுக்கு உடம்பு சரியில்லை.

முதுகு பிடித்துக்கொண்டது என்னவோ மனிதர்களுக்குத்தான். ஆனால் வைத்தியம் சைக்கிளுக்கு. மாஸ்டர் ஆர்லோ அப்படித்தான் சொல்லியிருந்தார். மாஸ்டர் ஆர்லோ சொன்ன பிறகு எதிர்த்துப் பேச ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் யாருக்குத் தைரியம் உண்டு?

கண்காட்சி மைதானத்தின் மாட்டுக் கொட்டகையில் தொடங்கிய வரிசை வாசல் கேட்டைத் தாண்டி, பேக்கரி வரை போயிருந்தது. ஒரு கையில் சைக்கிள், இன்னொரு கையில் இடுப்பு. தொப்பையை ஒளிக்கத் தெரியாத பளபளப்பு உடை. செப்டம்பர் பிறந்துவிட்டதால் எல்லார் தலைக்கவசத்திலும் பிளாஸ்டிக் பட்டைகள் முள் முள்ளாக நின்றன. வசந்த காலத்தில் மேக்பை பறவை முட்டைக்குக் காவல் இருக்கும்போது சைக்கிளில் போகிறவன் மண்டையைக் கொத்தும். அந்த முள்ளைக் கண்டால் பயந்து ஓடிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. முள் வைத்தவர்களையும் அது கொத்தியது. அதனால் இந்த வருடம் முள் அதிகமாகியிருந்தது.

"போன மாசம் எங்க அண்ணனுக்குக் குனியவே முடியலப்பா. மாஸ்டர் அவன் சைக்கிளோட ஹேண்டில்பாரைத் தடவிக் கொடுத்தாரு. பத்தே நாள்ல ஆளு டான்ஸ் ஆடுறான்!"

"தடவினப்ப உங்க அண்ணன் எங்க இருந்தாரு?"

"வீட்ல படுத்திருந்தான். சைக்கிள் மட்டும்தான் வந்துச்சு."

"அடேயப்பா!"

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கூடவே முதுகையும் நிமிர்த்தப் பார்த்து, "ஆ" என்று கத்தினார்கள்.

மாஸ்டரின் தத்துவம் எளிமையானது. சைக்கிளின் ஃபிரேமும் மனிதனின் முதுகெலும்பும் ஒட்டிப் பிறந்தவை. ஃபிரேமுக்குள் துக்கம் புகுந்தால் அது சீட் வழியாக மேலே ஏறி முதுகில் உட்கார்ந்துகொள்ளும். மாஸ்டர் சக்கரத்திலிருந்து கழற்றிய ஒரு போக்ஸ் கம்பியை சீட்டுக்கு மேலே நீட்டுவார். கம்பி நடுங்கும். பிறகு ஃபிரேமைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார். தீர்ப்பு மைக்கில் வரும். சைக்கிள் பிழைக்கும் என்றால் ஒரு தைலம், ஒரு மந்திரம், தினமும் அதைச் சுற்றி அரைமணி நேரம் நடை. பிழைக்காது என்றால் அது செத்துப்போனதாக அர்த்தம். செத்த சைக்கிளை வீட்டில் வைத்திருந்தால் முதுகை முழுசாக விழுங்கிவிடும். ஆகவே அதை மாஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் அதைப் பாலைவனத்துக்கு எடுத்துப் போய் அடக்கம் செய்வார். அதற்கென்றே ஒரு பெரிய லாரி கொண்டுவந்திருந்தார், பாவம்.

வரிசையின் நடுவில், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் ஒரு ரெட்டைச் சைக்கிள் நின்றது. முன் ஹேண்டில்பாரை நெவில் பிடித்திருந்தார். பின் ஹேண்டில்பாரை அவர் மனைவி கிளெனிஸ்.

கிளெனிஸுக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்களில் கொஞ்சம் தெரியும். நேராகப் பார்த்தால் புகை மூட்டம். டாக்டர் காரைப் பிடுங்கினார், சைக்கிளைப் பிடுங்கினார். அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்டு, நெவில் தன் படகை விற்று இந்த ரெட்டைச் சைக்கிளை வாங்கி வந்தார். கார்பன் ஃபிரேம், ஒரு கையால் தூக்கலாம். அன்று முதல் ஞாயிறுதோறும் அவர் முன்னால், அவள் பின்னால். முன்னவர் வளைவையும் பள்ளத்தையும் சொல்வார். பின்னவள் மிதிப்பாள், கூடவே திட்டுவாள். இந்த வசந்தத்தில் ஆற்றோரமாகவே மூன்று நாள் போய்க் கடலைத் தொடுவதாகத் திட்டம். கடல் காற்று முகத்தில் அடிப்பதற்குக் கண் தேவையில்லை என்று அவள் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

அதற்குள் நெவிலின் முதுகு பிடித்துக்கொண்டது.

எப்படி? ஊருக்குச் சொன்ன கதை, கூலா ஏற்றத்தில் எதிர்காற்றோடு போராடும்போது என்பது. கிளெனிஸுக்குத் தெரிந்த உண்மை வேறு. கொல்லையில் துணி காயப்போடும்போது கூடையிலிருந்து ஒரு காலுறை கீழே விழுந்தது. நெவில் குனிந்தார். "ஐயோ கிளென்" என்றார். அப்படியே நின்றார். அவ்வளவுதான் போராட்டம்.

ஊர்ப் பிசியோதெரபிஸ்ட் டாம்சின் பார்த்துவிட்டு, "தசைப் பிடிப்புதான். படுத்தே கிடக்காதீங்க, தினம் நடங்க. ரெண்டு வாரத்துல சரியாயிடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சைக்கிள். வயித்துத் தசைக்கும் இடுப்புக்கும் பயிற்சி தர்றேன்" என்றாள். "ஆமா, என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் தப்பு. கேட்டவுடன் நெவிலின் முகம் தொங்கிவிட்டது. மாஸ்டர் ஆர்லோ அப்படியெல்லாம் கேட்க மாட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவனின் கண்ணை உற்றுப் பார்த்து, "பெரிய மலை ஏறியிருக்கீங்க" என்பார். வந்தவன் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டிலிருந்து பால் எடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்திருக்க மாட்டான். ஆனாலும் "ஆமா மாஸ்டர்" என்று கண் கலங்குவான். இப்படி ஒரு மரியாதை டாம்சினிடம் கிடைக்குமா?

நெவிலின் முறை வந்தது. மாஸ்டர் கம்பியை முன் சீட்டுக்கு மேலே நீட்டினார். கம்பி அசையவில்லை. பின் சீட்டுக்கு மேலே நீட்டினார். கம்பி காற்றில் சிக்கிய கொடி மாதிரி படபடத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"முன்னாடி இருக்கிறவர் மலைகளை வென்றவர்" என்றார் மாஸ்டர்.

நெவில் அடக்கமாகத் தலை குனிந்தார். முதுகு இடம் கொடுத்த அளவுக்கு.

"பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கண்ணுல இருட்டு. அந்த இருட்டு ஃபிரேம் வழியா முன்னாடி இறங்குது. இந்தச் சைக்கிள் செத்து மாசக்கணக்காச்சு. நாளைக்கு அடக்கச் சடங்குல கொண்டுவந்து ஒப்படைங்க. இல்லைன்னா இவரு காலமெல்லாம் கவுந்தே நடப்பாரு."

கிளெனிஸ் சிரித்தாள். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. கணவனின் குரலுக்காகக் காத்திருந்தாள்.

"சரிங்க மாஸ்டர்" என்றது அந்தக் குரல்.

அன்று மாலை சமையலறையில் இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பை ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் தொடவில்லை.

"நான் உன் முதுகுல இருட்டா இறங்குறேனா?" என்றாள் கிளெனிஸ்.

"நான் சொல்லலையே. கம்பி சொல்லுச்சு."

"கம்பிக்கு என்னய்யா தெரியும்? காலுறை சொல்லட்டும். அதுதான் நேர்ல பார்த்த சாட்சி."

"மெதுவாப் பேசு!" நெவில் ஜன்னலைச் சாத்தினார். "சைக்கிள் கிளப்புல தெரிஞ்சா என் மானம் போயிடும். தலைவர் ராட்னிக்கு மலை இறக்கத்துல அடிபட்டு முதுகு போச்சு. எனக்குக் காலுறையிலயா?"

"உன் மானத்துக்கு என் சைக்கிளா விலை? அது போச்சுன்னா நான் எதுல போவேன்? சொல்லு. எதுல?"

நெவில் ஜன்னல் கொக்கியை இன்னொரு தடவை அழுத்தினார். இத்தனை வருடம் பள்ளம், வளைவு எல்லாம் சொன்ன மனிதர், இந்தப் பெரிய பள்ளத்தை மட்டும் சொல்லாமல் நேராக அதற்குள்ளேயே விடுகிறாரே என்று நினைத்தாள். அழுகையை விட ஆத்திரம் அதிகமாக வந்தது. ஆத்திரம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவள் காது சும்மா இருக்கவில்லை. மாஸ்டர் தட்டும்போது சில சைக்கிள் "டிங்" என்றது. அது இரும்பு. சில சைக்கிள் "டொக்" என்றது. அது கார்பன்; ஒன்றை விற்றால் ஒரு பழைய கார் வாங்கலாம். "டிங்" என்றவை எல்லாம் பிழைத்தன. "டொக்" என்றவை எல்லாம் செத்தன. தபால்காரரின் துருப்பிடித்த இரும்பு வண்டிக்கு மாஸ்டர் நூறு ஆயுசு கொடுத்தார். மரணம்கூட விலை பார்த்துத்தான் வருகிறது போலிருக்கிறது.

கிளெனிஸ் டாம்சினைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நாளைக்கு நாலைஞ்சு படுக்கை விரிப்பு வேணும். நீயும் வேணும்."

"எதுக்கு?"

"மாஸ்டரை என்னை மாதிரி பார்க்க வைக்கலாம்னு."

ஞாயிற்றுக்கிழமை மைதானம் பிதுங்கியது. ஒரு பக்கம் தொத்திறைச்சி சுடும் புகை. இன்னொரு பக்கம் அடக்கத்துக்குக் காத்திருக்கும் கார்பன் பிணங்கள், லாரிக்குப் பக்கத்தில் மலர்வளையத்தோடு. மேடைக்குப் பின்னால், கருநீல வெல்வெட் துணிக்குள் மாஸ்டரின் சொந்த சைக்கிள். உலகத்தின் எல்லா மலைகளும் அதன் சக்கரத்துக்குள் இருப்பதாகக் கேள்வி. துணிக்கு மேலே தொட்டு இடுப்பில் ஒற்றிக்கொள்ளலாம். துணியை விலக்கக் கூடாது.

மாஸ்டர் மைக்கைப் பிடித்ததும் கிளெனிஸ் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாஸ்டர், என் சைக்கிளைத் தர்றேன். ஒரே ஒரு ஆசை. எனக்குக் கண்ணு தெரியாது, நீங்க பண்ற அற்புதம் எதையும் நான் பார்க்கல. மூடி வச்ச சைக்கிளைக்கூடக் கம்பி கண்டுபிடிக்கும்னு நேத்து சொன்னீங்களாமே? மூணு சைக்கிளை விரிப்பு போட்டு மூடுறோம். தொட வேணாம், தட்ட வேணாம், கம்பி மட்டும். நீங்களும் பார்க்காம, நானும் பார்க்காம. அப்பவாவது நான் உங்களுக்குச் சமமா நின்னு கேட்டுக்கறேன்."

மாஸ்டரின் புன்னகை ஒரு கணம் தடுக்கியது. ஆனால் சைக்கிள் கிளப் தலைவர் ராட்னி துள்ளிக் குதித்தார். துள்ளியதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்! பண்ணுங்க மாஸ்டர்! அந்த டாம்சின் பொண்ணு வாயை இன்னைக்கோட அடைச்சிடலாம்!"

கூட்டம் கைதட்டியது. பக்தர்கள் கைதட்டிய பிறகு கடவுளே ஆனாலும் பின்வாங்க முடியாது. மாஸ்டர் தொத்திறைச்சி சாப்பிடப் போனார். யாரும் எட்டிப் பார்த்து மாஸ்டர் பெயரைக் கெடுத்துவிடக் கூடாதென்று, கிளெனிஸும் டாம்சினும் சைக்கிள்களை மூடப் போன கம்பளிக் கொட்டகையின் முன்வாசலில் ராட்னியே காவல் நின்றார். நல்ல காவல். பின்வாசல் என்று ஒன்று இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

சற்று நேரத்தில் மூன்று வெள்ளைக் குவியல்கள் மேடைக்கு வந்தன. மாஸ்டர் கண்ணை மூடி, கம்பியை நீட்டினார்.

முதல் குவியல். கம்பி மெல்ல ஆடி நின்றது. "ஆஹா! குழந்தை மாதிரி இருக்கு. துளி நோய் இல்லை. இதோட சொந்தக்காரர் கொடுத்து வச்சவர்."

கூட்டம் பெருமூச்சு விட்டது.

இரண்டாவது. கம்பி நடுங்கியது. "காயம் இருக்கு. இது ஆல்ப்ஸ் மலையில ஏறி இறங்கின சைக்கிள். மூணாவது எலும்புல ஒரு பிளவு. ஆனா பொழச்சுக்கும். தைலம் போட்டா போதும்."

"ஆல்ப்ஸ்!" என்றாள் ஒரு பெண்மணி, மார்பில் கை வைத்து.

மூன்றாவது. கம்பி துடித்த துடிப்பில் மாஸ்டரே ஒரு அடி பின்னால் போனார். ஒரு சாவாவது இல்லாவிட்டால் சடங்கு களைகட்டாது என்று அவருக்குத் தெரியும்.

"ஐயோ! இது செத்தே போச்சு! இதை ஓட்டுறவன் நெஞ்சுல உண்மை இல்லை. ஊரை ஏமாத்தி ஓட்டின சைக்கிள் இது. இதை வச்சிருக்கிறவனுக்கு முதுகெலும்பே மிஞ்சாது. உடனே என்கிட்ட ஒப்படைங்க!"

"ராட்னி, விரிப்பை எடுப்பா" என்றாள் கிளெனிஸ்.

ராட்னி பக்தியோடு முதல் விரிப்பை இழுத்தார். பிறகு அப்படியே நின்றார். அது அவருடைய சொந்த கார்பன் சைக்கிள்.

"மாஸ்டர், இது நேத்து செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே? நான் ராத்திரி பூரா அழுதேனே?"

இரண்டாவது விரிப்பு. உள்ளே கிளெனிஸ் வீட்டு இஸ்திரி மேஜை. அதன் மேல் ஒரு பழைய சீட்டைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"ஆல்ப்ஸ்ல ஏறுச்சா?" என்றது ஒரு குரல். "எங்க வீட்ல இருக்கிறது மாடிக்கே ஏறாதே!"

மூன்றாவது விரிப்பை ராட்னி தயங்கித் தயங்கி எடுத்தார். தங்க வண்ணம் பூசிய சைக்கிள் வெயிலில் மின்னியது. ஃபிரேமில் பெரிய எழுத்தில் ஆர்லோ என்று இருந்தது. டயரில், கடையில் ஒட்டிக் கொடுத்த விலைச் சீட்டு அப்படியே இருந்தது. உலகத்தின் எல்லா மலைகளிலும் அது உரியவேயில்லை.

"ஒப்படைக்கச் சொன்னீங்களே மாஸ்டர்" என்றாள் கிளெனிஸ். "உங்ககிட்டதான் இருக்கு."

"அப்ப அந்த வெல்வெட்டுக்குள்ள என்ன இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். டாம்சின் போய்த் துணியை உருவினாள். எரு அள்ளும் தள்ளுவண்டி. இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அதைத் தொட்டு இடுப்பில் ஒற்றிக்கொண்டவர்களில் நான்கு பேருக்கு வலி போய்விட்டிருந்தது. அதில் ஒருவர் ஆனந்தக் கண்ணீரும் விட்டிருந்தார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? கூட்டத்தை அவ்வளவு லேசாக எடைபோடக் கூடாது.

"சந்தேகப்படுறவங்க பக்கத்துல நின்னா கம்பி குழம்பிடும்" என்றார் மாஸ்டர். பாதிப் பேர் உடனே தலையாட்டினார்கள். "அதானே!" என்றாள் ஆல்ப்ஸ் பெண்மணி. "எனக்கு முதுகு சரியாச்சே! அது பொய்யா? மாஸ்டர் சொன்னபடி தினம் நடந்தேன், ரெண்டு வாரத்துல சரியாச்சே!"

அங்கே கிளெனிஸ் தடுமாறினாள். அவள் கையில் இன்னும் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதைக் கூண்டில் ஏற்றும் உரிமை அவளுக்கு இல்லை. லாரியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ ரெட்டைச் சைக்கிளை உருட்டினார்கள். அதன் சங்கிலிச் சத்தம் அவளுக்கு மனப்பாடம்.

"நில்லுப்பா" என்றார் நெவில்.

மேடையில் மெதுவாக ஏறினார். மைக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"எனக்கும் இப்ப பாதி சரியாயிடுச்சு. என் சைக்கிளுக்கு மாஸ்டர் தைலம் போடல. மந்திரம் சொல்லல. செத்துப்போச்சுன்னுதான் சொன்னாரு. அப்புறம் என் முதுகு எப்படித் தேறுச்சு? டாம்சின் நடக்கச் சொன்னா, நடந்தேன். அவ்வளவுதான்." கிளெனிஸ் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. நான் மலையில போராடல. காலுறை எடுக்கக் குனிஞ்சேன்."

தொத்திறைச்சி வேகும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன எடுக்க?" என்றார் ராட்னி.

"காலுறை. ஒத்தைக் காலுறை. அதுவும் ஈரம்கூட இல்லை, காஞ்சது."

கிளெனிஸுக்கு அந்தக் கிழவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எந்தத் திசையில் நிற்கிறார் என்று குரலை வைத்துத் தேடினாள்.

பின்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். "நான்... தும்மினேன்."

"நான் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்தேன்."

"நாய் சாப்பாட்டு மூட்டை."

"பல் தேய்ச்சுட்டுத் துப்பக் குனிஞ்சேன்."

"வெனிலா ஸ்லைஸ் கேக்கை எட்டி எடுத்தேன்" என்றாள் ஆல்ப்ஸ் பெண்மணி, தரையைப் பார்த்து. "மேல் தட்டுல இருந்துச்சு."

எல்லாக் கண்களும் ராட்னியிடம் திரும்பின. மலை இறக்கத்தில் விழுந்த வீரர் அவர் ஒருவர்தான் மிச்சம்.

"இறக்கம்தான்" என்றார் ராட்னி. "சோபாவுல இருந்து."

அதன் பிறகு சிரித்த சிரிப்பில் பலருக்கு மறுபடி முதுகு பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குத் தங்கள் பிணத்தைத் தேடி லாரிப் பக்கம் ஓடினார்கள். செத்த சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு எழுந்து போயின.

மாஸ்டர் ஆர்லோவுக்கு அவசர வேலை வந்துவிட்டது. தன் கூடாரத்தைச் சுருட்டப் போய், அதன் முளையைப் பிடுங்கக் குனிந்தார். ஒரு இழுப்பு. "ஆ!" அப்படியே நின்றுவிட்டார், மடக்கிய கத்தி மாதிரி.

ராட்னி தரையில் கிடந்த போக்ஸ் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். "பெரிய மலை ஏறியிருக்கீங்க மாஸ்டர். உங்க சைக்கிளைக் கொண்டு வரட்டுமா? தட்டிப் பார்க்கலாம்."

"விளையாடாதீங்கய்யா!" மாஸ்டர் தரையைப் பார்த்தபடி அலறினார். "அந்தப் பிசியோ பொண்ணைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!"

டாம்சின் வந்து பார்த்தாள். "நடங்க. ரெண்டு வாரத்துல சரியாயிடும். ஆமா, என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

நெவிலின் முதுகு முழுசாகத் தேற இன்னும் கொஞ்ச நாள் ஆனது. தினமும் நடந்தார். டாம்சின் சொன்ன பயிற்சிகளைத் திட்டிக்கொண்டே செய்தார். காலுறை விழுந்தால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தார். அக்டோபரில் ஒரு காலை, கிளப் முழுவதும் வழியனுப்ப வந்து நிற்க, ரெட்டைச் சைக்கிள் ஆற்றோரப் பாதையில் கடலை நோக்கிக் கிளம்பியது. ராட்னியும் பாலம் வரை கூடவே வந்தார். தலைக்கவசத்தில் வழக்கத்தை விட அதிக முட்கள்.

யூகலிப்டஸ் மரத்திலிருந்து ஒரு மேக்பை இறங்கியது. முட்களுக்கு நடுவில் பதமாக இடம் பார்த்து ராட்னியின் மண்டையில் "டொக்" என்று ஒரு போடு போட்டது. ராட்னி அலறினார்.

"ராட்னி, அந்த முள்ளால பிரயோஜனம் உண்டா?" என்று பின் சீட்டிலிருந்து கேட்டாள் கிளெனிஸ்.

"பின்னே? எல்லாரும் வைக்கிறாங்களே!"

"ஒரு நாளு கழட்டிட்டுப் போய்ப் பார்த்திருக்கியா?"

ராட்னி யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னும் இரண்டு முட்களை எடுத்துச் சொருகிக்கொண்டார்.

"பள்ளம் வருது" என்றார் நெவில்.

"தெரியுது" என்று மிதித்தாள் கிளெனிஸ்.

தலைக்கவசம் மூளையைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துவது மட்டும் அவரவர் வேலை.